குடையக்காவின் அறை

அந்த அறைக்கு இரட்டைக் கதவு. அங்கே உட்கார வந்தவளின் பதவிப் பெயரோ அதைவிட நீளம்: வன்முறைத் தடுப்பு மற்றும் மாணவர் ஆதரவு ஒருங்கிணைப்பாளர். காதலிலோ நட்பிலோ விடுதி அறையிலோ ஒருவரை இன்னொருவர் அடிப்பது, மிரட்டுவது, பின்னாலேயே திரிவது, விலகிப்போனாலும் விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்வது, இதையெல்லாம் வருமுன் தடுக்கவும் வந்தபின் தாங்கவும் ஓர் ஆள் வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. உத்தரவைத் தட்ட முடியாது. கிறிஸ்தவப் பல்கலைக்கழகமாயிற்றே, இங்கே எதற்கு என்று முணுமுணுத்துக்கொண்டே பதவியை உண்டாக்கினார்கள்.

பெயரெழுத வந்த பெயிண்டர் கதவை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு கதவில் அடங்காது என்று இரண்டுக்கும் பங்குபோட்டார். இடது கதவில் மேலே 'வன்முறை', கீழே 'மாணவர்'. வலது கதவில் மேலே 'தடுப்பு', கீழே 'ஆதரவு'. சாத்தியிருக்கும்போது படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அலுவலகம் என்றால் திறந்திருக்க வேண்டுமே. வலது கதவை உள்ளே தள்ளித் திறந்ததும், வெளியே போகிறவர் வருகிறவர் கண்ணுக்குத் தெரிந்தது 'வன்முறை மாணவர்' மட்டும்தான்.

முதல் வருஷம் ஒரு மாணவரும் வரவில்லை.

பலகை மட்டும் காரணமில்லை. அறைக்கு நேர் எதிரே சிற்றாலயத்தின் அகலமான படிக்கட்டு. வகுப்பில்லாத நேரங்களில் பல்கலைக்கழகமே அந்தப் படிக்கட்டில்தான் உட்கார்ந்திருக்கும். அத்தனை பேர் பார்க்க அந்தக் கதவுக்குள் நுழையும் பெண்ணைப் பற்றி, அவள் வெளியே வருவதற்குள் கதையின் முதல் பாகம் முடிந்து இரண்டாம் பாகம் ஆரம்பித்திருக்கும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

துணைமுதல்வர் அம்மாவுக்கு மட்டும் ஏகப்பட்ட சந்தோஷம். வந்தவர்களிடமெல்லாம், ஒரு புகார்கூட இல்லை, நம் பிள்ளைகள் அப்படி என்று சொல்லிக்கொண்டார். வன்முறைத் தடுப்பு இவ்வளவு சீக்கிரம் பலித்த இடம் வேறெங்கும் இருந்திருக்காது.

ஒருங்கிணைப்பாளர் அதை மறுக்கவில்லை. மறுத்துப் பேசும் சுபாவம் இல்லாதவள். இந்த வேலைக்கு வருமுன் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவு வாசலில், வருகிறவர்களின் பெயரையும் காரணத்தையும் பதிந்துகொள்ளும் மேஜையில் பல வருஷம் இருந்தாள். கண் வீங்கி, உதடு கிழிந்து வரும் பெண்களிடம் என்ன ஆயிற்று என்று கேட்பது அவள் வேலை. மாடிப்படியில் விழுந்துவிட்டேன் என்பார்கள். மாடியே இல்லாத வீட்டுக்காரிகள்கூட மாடிப்படியில்தான் விழுந்தார்கள். கேட்டால் இதுதான் பதில். கேட்காமல், தண்ணீரை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால், சிலர் வேறொன்று சொன்னார்கள். அங்கே கற்றுக்கொண்ட பிறகுதான் அஞ்சல் வழியில் படித்துப் பட்டம் வாங்கினாள். பட்டத்தில் அந்தப் பாடம் இல்லை.

குடைகள் வந்தது காவலாளியின் புண்ணியம். சிற்றாலயத்திலும் வகுப்பறைகளிலும் பிள்ளைகள் விட்டுப்போன குடை, பாட்டில், கண்ணாடி, கழுத்துத் துணி எல்லாம் அவருடைய சிறிய கூண்டில் குவிந்து, அவர் நிற்க இடமில்லாமல் போயிற்று. ஒரு நாள் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

"மேடம், உங்க ரூமுக்குத்தான் யாரும் வர்றதில்லையே. ஒரு ஓரமா வெச்சிக்கட்டுமா?"

இதில் குத்தல் எதுவும் இல்லை. அவர் பார்த்ததைச் சொன்னார். அவளும் சரியென்றாள். சும்மா கிடந்த அலமாரிக்கு ஒரு வேலை ஆயிற்று.

அடுத்த வாரமே ஒரு பெண் கழுத்துத் துணியைத் தேடி வந்தாள். கிடைத்தது. கிடைத்த பிறகும் போகவில்லை. துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அப்புறம், "கதவைச் சாத்திக்கலாமா அக்கா?" என்றாள். அறை அன்றைக்குத்தான் திறந்தது என்று சொல்ல வேண்டும்.

அந்தப் பெண் போனதும் ஒருங்கிணைப்பாளர் ஓர் அட்டையை எடுத்து, 'தொலைந்த பொருட்கள் இங்கே கிடைக்கும்' என்று தன் கையால் எழுதி இடது கதவில் மாட்டினாள். பெயிண்டர் எழுதியது முழுவதையும் அது மறைத்தது. குடையைத் தேடி ஓர் அறைக்குள் போகிறவளைப் பற்றிக் கதை கட்டப் படிக்கட்டுக்காரர்களுக்குத் தெம்பில்லை. விஷயம் தெரிந்த பிள்ளைகள் தெரியாத பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். குடையக்கா என்று பெயரும் வைத்தார்கள். துணைமுதல்வர் ஒரு முறை எட்டிப் பார்த்து, இப்போதுதான் இந்த அலுவலகத்தால் நாலு பேருக்கு உபயோகம் என்று பாராட்டிவிட்டுப் போனார். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அவருக்குத்தான் அது தெரியாது.

குடைக்காக வந்தவர் யார், குடையைச் சாக்கிட்டு வந்தவர் யார் என்று பிரிக்க அவளிடம் ஒரே கேள்விதான் இருந்தது. என்ன நிறம்? உண்மையாகத் தொலைத்தவர், கேட்டு முடிப்பதற்குள் நீலம் என்பார், கறுப்பு என்பார். மற்றவர்கள் ஜன்னல் பக்கம் திரும்புவார்கள். ஜன்னலைப் பார்த்தால் வலது கதவைச் சாத்திவிட்டு மின்கெட்டிலில் தண்ணீர் ஏற்றுவாள். தேநீரைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து சும்மா இருப்பாள். அவ்வளவுதான் அவள் தொழில்.

தப்பும் நடந்ததுண்டு. கணிதம் படிக்கிற ஒரு பையன், தன் குடை என்ன நிறம் என்று நிஜமாகவே தெரியாதவன், ஜன்னலைப் பார்த்து யோசித்துவிட்டான். கதவு சாத்தப்பட்டது, தேநீர் வந்தது, எதிரே ஓர் அம்மா இரக்கத்தோடு மௌனமாக இருந்தாள். பாதித் தேநீரில் பையன் பயந்துபோய், "அக்கா, என் குடைக்கு ஏதாவது ஆயிடுச்சா?" என்று கேட்டான்.

நெட்டைப் பெண் வந்தது ஒரு புதன்கிழமை மதியம். தாவரவியல் மூன்றாம் ஆண்டு. கதவு நிலையில் தலை இடிக்குமோ என்று குனிந்து வருகிற உயரம். தண்ணீர் பாட்டில் தொலைந்துவிட்டது என்றாள்.

"என்ன நிறம்?"

அவள் அலமாரியைப் பார்த்தாள். அங்கே சிவப்பிலும் ஊதாவிலும் பாட்டில்கள் இருந்தன. ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம். பொய் சொல்லவும் தெம்பு வேண்டுமே. ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

தேநீரை இடது கையால் வாங்கினாள். முடியை ஒதுக்கியதும் இடது கைதான். ஆனால் மைக்கறை இருந்தது வலது விரலில். வலது கைக்காரி ஏன் இடது கையால் குடிக்கிறாள் என்று குடையக்கா கேட்கவில்லை. மேஜையில் கிடந்த ஒரு குடையின் கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து வலது கை தானாகவே மேஜைமேல் வந்தது. விரல் முட்டிகள் சிவந்து தடித்திருந்தன. மோதிரம் அழுந்திய இடத்தில் ஒரு பள்ளம்.

அவள் சொன்னது இது. அவள் வகுப்பில் ஒருவன், மாணவர் ஜெபக்குழுத் தலைவன். எல்லோரும் அவனைக் குட்டிப் போதகர் என்பார்கள். பாதிக் கேலி, பாதி மரியாதை. முந்தைய வருஷம் முழுக்க இருவரும் பழகினார்கள். யாரோடு பேசினாய், ஏன் சிரித்தாய் என்று ஆரம்பித்து, போனைக் கொடு என்பது வரை வந்தபோது அவள் வேண்டாம் என்று விலகிக்கொண்டாள். அவனும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினான். வகுப்பில் அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஆனால் புதன்கிழமை ஆராதனை கட்டாயம். அங்கே உட்காருவது பதிவெண் வரிசைப்படி. அவன் பதிவெண்ணுக்கு அடுத்தது அவளுடையது. ஆராதனையின் நடுவில் எல்லோரும் எழுந்து, பக்கத்தில் இருப்பவருக்குக் கைகொடுத்துச் சமாதானம் சொல்ல வேண்டும். அவன் சிரித்த முகத்தோடு திரும்பி, அவள் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வாங்கி, சமாதானம் உன்னோடு இருப்பதாக என்று சொல்லிக்கொண்டே நசுக்குவான். பாட்டு முடிகிற வரை விடமாட்டான். சுற்றி அத்தனை பேரும் கைகொடுத்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். வாராவாரம்.

புதன் மதியம் செய்முறை வகுப்பு. செடித் தண்டைப் பிளேடால் கண்ணாடி மாதிரி மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். அவளுக்குச் சீவல் கனமாகவே விழுந்தது. சோம்பேறி என்று பெயர் வாங்கினாள். ஆராதனைக்குப் போகாமல் இருந்தால் வருகை குறையும், தேர்வு எழுத முடியாது. போனால் கை போகும், செய்முறை போகும்.

"எனக்கு அவனை ஒண்ணும் பண்ண வேணாம்க்கா. என் சீட்டை மட்டும் மாத்திக் குடுத்தா போதும்."

இவ்வளவு சின்ன விஷயமா என்று குடையக்காவுக்கே தோன்றியது. அந்தப் பல்கலைக்கழகத்தில் வருஷக்கணக்கில் இருந்தும் இப்படித் தோன்றியது அவள் தப்பு.

பதிவாளரிடம் போனாள். அவர் தங்கமான மனுஷர், பொறுமையாக விளக்கினார். வருகை எடுப்பது காலி நாற்காலியைப் பார்த்து. ஒருத்தியை இடம் மாற்றினால் அவளுக்குப் பின்னால் அத்தனை பேரும் ஓர் இடம் நகர வேண்டும். வந்தவர் வராதவராவார், வராதவர் வந்தவராவார். ஒரு செங்கல்லை உருவினால் சுவரே இறங்கிவிடும் என்றார். ஒரு பெண்ணின் கைக்காக ஒரு சுவர் இறங்கலாம் என்று குடையக்கா நினைத்தாள். சொல்லவில்லை. புகார் எழுதிக் கொடுத்தால் குழு பார்க்கும் என்று அவரே வழியும் காட்டினார். நெட்டைப் பெண் இரண்டு நாள் யோசித்து, சரி என்றாள்.

குழு என்பது துணைமுதல்வர், பதிவாளர், ஆலயப் போதகர். போதகர் சாதுவான மனிதர், கனத்த கண்ணாடி, ஓய்வு பெறும் வயது. குட்டிப் போதகர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். நாற்காலியில் உட்காருமுன் கண்ணை மூடி ஒரு நிமிஷம் ஜெபித்தான். குழுவும் அவனுக்காகக் காத்திருந்தது. பிறகு, தான் விரல் நுனியை மட்டும் தொட்டு வாழ்த்துவதாகவும், அழுத்துவதே கிடையாது என்றும், தன்மேல் இப்படி ஒரு பழி வந்ததற்காகத் தனக்கு எந்த வருத்தமும் இல்லை என்றும், அந்தச் சகோதரியைத் தான் மன்னித்துவிட்டதாகவும் சொன்னான். துணைமுதல்வருக்குக் கண் கலங்கிவிட்டது. குதிரை கீழே தள்ளிக் குழியும் பறித்து, கடைசியில் விழுந்தவனை மன்னித்தும் விட்டது.

யாராவது பார்த்தார்களா என்று நெட்டைப் பெண்ணிடம் கேட்டார்கள். அந்த நேரத்தில் அவரவர் பக்கத்து ஆளுக்குக் கைகொடுத்துக்கொண்டிருப்பார்கள், யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்றாள். துணைமுதல்வர் கனிவாகவே கேட்டார்.

"ஏம்மா, கடவுளோட சந்நிதியில, இத்தனை பேர் நடுவுல, அதுவும் சமாதானம் சொல்றப்ப, ஒருத்தன் கையை நசுக்குவானா? யோசிச்சுப் பாரு."

"வேற எங்கயா இருந்தாலும் நான் கையை நீட்ட மாட்டேனே மேடம்," என்றாள் பெண். "அங்க மட்டும்தான் நீட்டாம இருக்க முடியாது."

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார். பிறகு துணைமுதல்வர் தீர்ப்பைச் சொன்னார். சாட்சி இல்லை. இருவரும் நம் பிள்ளைகள். அடுத்த வியாழக்கிழமை இதே அறையில் இருவரும் பகை தீர்ந்து ஒப்புரவாகிவிட வேண்டும். போதகர் ஜெபம் செய்வார். இருவரும் கைகுலுக்கிக்கொள்வார்கள். அத்தோடு புகார் முடிந்தது.

கை நசுங்கியதற்கு மருந்து கைகுலுக்கல். பாம்பு கடித்த இடத்தில் கட்டுப்போட இன்னொரு பாம்பைக் கொண்டுவந்தாற்போல. குடையக்கா எழுந்து, அது சரியாக வராது மேடம் என்றாள். அவள் குரல் எப்போதும் மேஜையைத் தாண்டுவதில்லை, அன்றைக்குத் தாண்டியது. துணைமுதல்வர் புன்னகைத்தார்.

"நீங்க தொலைஞ்ச பொருளை எல்லாம் எவ்வளவு நல்லா பாத்துக்கறீங்க. இதை எங்ககிட்ட விட்டுடுங்க."

வெளியே வந்ததும் நெட்டைப் பெண் அழவில்லை. அப்பாவை வியாழக்கிழமை வரச் சொல்லப்போகிறேன், பெட்டியைத் தூக்க ஆள் வேண்டுமே என்று மட்டும் சொன்னாள். அவனுக்கு ஒரு தடவை, எல்லோர் முன்னாலும் மனசாரக் கைகொடுத்துவிட்டால், அப்புறம் தன் சொல் எங்கேயும் எடுபடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கைகொடுக்க மாட்டேன், அதற்குப் படிப்பை விட்டுப் போகிறேன் என்பது அவள் கணக்கு. இன்னும் ஒரு பருவம்தான் பாக்கி. குடையக்காவால் பொறு என்று சொல்ல முடியவில்லை.

வீட்டில் இதையெல்லாம் பேச முடியாது. யாருடைய கதையும் அந்த அறையைத் தாண்டக் கூடாது என்பது அவள் வைத்துக்கொண்ட விரதம். அதனால் வீட்டுக்குத் தெரிந்ததெல்லாம் குடைதான். அவள் புருஷன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். நாள் முழுக்க மற்றவர்கள் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தே பழகி, வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலும் வலது கால் துடிக்கிற மனுஷர். இன்றைக்கு என்ன வந்தது என்று தினமும் கேட்பார். ரெண்டு குடை, ஒரு கண்ணாடி என்பாள். அவர் திருப்தியாகச் சாப்பிடுவார். அன்றைக்கு அவருடைய அக்காவும் வந்திருந்தாள். நாத்தனாருக்கு இந்த உத்தியோகத்தின்மேல் ஆரம்பத்திலிருந்தே ஓர் இளக்காரம்.

"அவ்வளவு படிச்சிட்டுக் குடைக்குக் காவல் இருக்கியே. நனையாம இருக்கறதுக்கா உனக்குச் சம்பளம் குடுக்கறாங்க?"

"ஆமா அண்ணி," என்றாள். "நனையாம பாத்துக்கறதுக்குத்தான்."

புருஷன் சாப்பாட்டிலிருந்து நிமிர்ந்து அவளை ஒரு பார்வை பார்த்தார். வலது கால் பிரேக்கை மிதித்தது. அன்றைக்குப் பாத்திரங்களை அவரே கழுவி வைத்தார்.

புதன்கிழமை வந்தது. மறுநாள் ஒப்புரவு. பெண் அன்றைக்கு ஆராதனைக்குப் போகவில்லை. போகிறவளுக்கு வருகை எதற்கு? ஆராதனை முடிந்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. படிக்கட்டு காலியாகிவிட்டது. குடையக்கா அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் போதகர் நின்றார். தோள் நனைந்திருந்தது.

"என் குடை இங்க வந்திருக்காம்மா? எங்க வெச்சேன்னே தெரியல."

"என்ன நிறம் ஐயா?"

போதகர் வாயைத் திறந்தார். மூடினார். குடை வாங்கியது அவர் மனைவி, பிடித்தது மட்டும்தான் அவர். நிறத்தை நினைவுக்குக் கொண்டுவர ஜன்னல் பக்கம் திரும்பினார்.

பழக்கதோஷம். குடையக்காவின் கை தானாகப் போய்க் கதவைச் சாத்தியது. கெட்டிலை ஏற்றியது. அவர் முன்னால் தேநீர் வந்த பிறகுதான், யாருக்கு எதைச் செய்துகொண்டிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. இனி கதவைத் திறந்தால் அதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். எதிரே உட்கார்ந்து, வழக்கம்போல, சும்மா இருந்தாள்.

போதகர் தேநீரைக் குடிக்கவில்லை. கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்தார். பிறகு தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"நீங்க எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

அவள் ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. குடையின் நிறத்தைத்தான் கேட்டாள். ஆனால் வாயைத் திறந்து அதைச் சொல்கிற நேரம் இதுவல்ல என்று மட்டும் தெரிந்தது.

"நான் பாத்தேன்," என்றார் போதகர்.

அத்தனை பேரும் முன்னால் பார்த்து உட்கார்ந்திருக்கும் இடத்தில், அவர்களைத் திருப்பிப் பார்க்கிறவர் ஒருவர்தான். பீடத்தில் நிற்கிற அவர். சமாதானம் சொல்லும் நேரத்தில் அவருக்குக் கைகொடுக்கப் பக்கத்தில் ஆள் கிடையாது, சும்மா நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அந்த உயரமான பெண் கூட்டத்தில் தனியாகத் தெரிவாள். வாராவாரம், கைகொடுத்ததும் அவள் கண்ணிலிருந்து தாரையாக நீர் வழியும். அவர் பார்த்தார். பரிசுத்த ஆவியானவர் அவளைத் தொட்டிருக்கிறார் என்று நினைத்தார்.

நினைத்ததோடு நிற்கவில்லை. அதை வைத்து ஒரு பிரசங்கமே செய்தார். பெயர் சொல்லாமல், நம் நடுவில் ஒரு சகோதரி, சமாதானத்தின் வாழ்த்தைக் கேட்கும்போதெல்லாம் கண்ணீர் விடுகிறாள், நமக்கு ஏன் அந்தக் கண்ணீர் வருவதில்லை என்று. அவருடைய வாழ்நாளிலேயே பேர்வாங்கிய பிரசங்கம் அது. வெளியூர்களிலிருந்து அதையே பேசச் சொல்லிக் கூப்பிட்டார்கள். குடையக்காவும் அன்றைக்குப் பின்வரிசையில் இருந்தாள். நன்றாகத்தான் இருந்தது, அவளுக்குக் கண்கூடக் கசிந்தது.

"குழுவுல அவ பேசினப்பவே எனக்குப் புரிஞ்சிடுச்சு. ஆனா வாய் வரல. நாளைக்கு நான் ஜெபம் பண்ணணுமாம்." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "சொன்னா என் பிரசங்கம் என்னம்மா ஆகும்?"

அவள் பதில் சொல்லவில்லை. வழக்கமாக அவள் மௌனம் இரக்கத்தில் இருப்பது. இது அப்படியில்லை. என்ன சொன்னால் இவர் நாளைக்கு வாயைத் திறப்பார், என்ன சொன்னால் மூடிக்கொள்வார் என்று தெரியாத பயம். கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"அந்தப் பொண்ணோட அப்பா நாளைக்கு வர்றார் ஐயா. பெட்டி தூக்க."

போதகர் எழுந்தார். குடையில்லாமலே மழையில் இறங்கிப் போனார். ஓடிப்போய் அலமாரியிலிருந்து ஏதாவது ஒரு குடையைக் கொடுத்திருக்கலாம். அவர் நனையட்டும் என்று அவள் நினைத்தாளோ என்னவோ, கொடுக்கவில்லை.

வியாழக்கிழமை துணைமுதல்வர் அறையில் மேஜைமேல் பூங்கொத்துகூட இருந்தது. பெண்ணின் அப்பா வெளியே பெஞ்சில், தலையில்லாத ஆள்போலக் குனிந்து உட்கார்ந்திருந்தார். விடுதியிலிருந்து எடுத்த பெட்டி அவர் காலடியில். நெட்டைப் பெண் வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றாள். குட்டிப் போதகர் வந்தான். ஜெபித்தான். துணைமுதல்வர் ஒப்புரவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு, போதகரைப் பார்த்துத் தலையசைத்தார்.

போதகர் எழுந்தார். கண்ணை மூடவில்லை. குட்டிப் போதகரின் முன்னால் போய்த் தன் கையை நீட்டினார்.

"முதல்ல எனக்குக் குடுப்பா. அவளுக்குக் குடுக்கிற மாதிரியே குடு."

பையன் விரல் நுனியால் பூவைத் தொடுவதுபோலத் தொட்டான்.

"இப்படித்தானா?"

"இப்படித்தான் ஐயா."

"இப்படிக் குடுத்தா அவ ஏன் அழுதா?"

பதிவாளர் பேனாவைக் கீழே வைத்தார். போதகர் துணைமுதல்வர் பக்கம் திரும்பவில்லை. பையனையே பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் விடாமல் சொன்னார். பீடத்திலிருந்து தான் பார்த்ததை, வாராவாரம் பார்த்ததை, பார்த்தும் வேறொன்று என்று எண்ணியதை.

"ஆனா பாஸ்டர்," துணைமுதல்வர் திகைத்துப்போனார், "நீங்க அதைப் பத்தித்தானே அந்தப் பிரசங்கம்..."

"ஆமா. அந்தக் கண்ணீரேதான்."

குட்டிப் போதகருக்கு முதல் தடவையாக ஜெபிக்கத் தோன்றவில்லை. முகம் சிவந்துவிட்டது.

"அவ எப்பவுமே கொஞ்சம் ஓவரா பண்ணுவா ஐயா. அவ்வளவெல்லாம் நான் அழுத்தவே இல்ல."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கே கேட்டது. நுணலுக்கு எப்போதும் சொந்த வாய்தான் எதிரி. போன வாரம் அழுத்துவதே கிடையாது. இந்த வாரம் அவ்வளவு அழுத்தவில்லை. எவ்வளவு தம்பி அழுத்தினாய் என்று பதிவாளர்தான் கேட்டார். சுவர் இறங்கிவிடும் என்று பயந்த மனுஷர், பேனாவை மறுபடி எடுத்துக்கொண்டு, பதிலுக்காக அவன் முகத்தையே பார்த்தார்.

நெட்டைப் பெண் முதுகுக்குப் பின்னாலிருந்து கையை எடுத்தாள். யாருக்கும் நீட்டவில்லை. மேஜைமேல், பூங்கொத்துக்குப் பக்கத்தில், எல்லோரும் பார்க்கிற மாதிரி வைத்தாள். துணைமுதல்வர் அந்தக் கையைப் பார்த்தார். பூங்கொத்தை எடுத்துத் தன் நாற்காலிக்குப் பின்னால் வைத்துவிட்டார். வேறெங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்தப் பருவம் முழுக்கக் குட்டிப் போதகரை வெளியே நிறுத்திவைத்தார்கள். ஜெபக்குழுத் தலைமையும் போயிற்று. அவனுக்காக அழுத பிள்ளைகளும் இருந்தார்கள். நெட்டைப் பெண்ணோடு பேசுவதை நிறுத்திய தோழிகளும் இருந்தார்கள். அப்பா பெட்டியைத் திரும்ப விடுதிக்குத் தூக்கிக்கொண்டு போனார். போகும்போது குடையக்காவிடம், இங்கே குடை பார்த்துக்கொள்கிற அம்மா நீங்கள்தானா என்று கேட்டார். ஆமாம் என்றாள். அவர் கும்பிட்டார். ஒரு குடைக்கு அவ்வளவு பெரிய கும்பிடு எதற்கென்று வழியில் போன காவலாளிக்கு விளங்கவில்லை.

சிற்றாலயத்தில் அவரவர் விரும்பிய இடத்தில் உட்காரலாம், கைகொடுப்பதும் தலை வணங்குவதும் அவரவர் விருப்பம் என்று அறிவிப்பு வந்தது. ஐக்கியத்தைப் புதுப்பிக்கும் முயற்சி என்று துணைமுதல்வர் மேடையில் பேசினார். கை தட்டினார்கள். சுவர் இறங்கவில்லை. வருகை எப்படி எடுப்பது என்று பதிவாளருக்கு ஓர் இரவில் யோசனை தோன்றிவிட்டதாம். ஆண்டு விழாவில், தொலைந்த பொருட்களைச் சிறப்பாகப் பராமரித்ததற்காகக் குடையக்காவுக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். நாத்தனார் அதைச் சட்டம் போட்டு மாட்டச் சொன்னாள்.

போதகரை வெளியூர்களில் அந்தப் பிரசங்கத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அவர் போகவில்லை. தொண்டை சரியில்லை என்றார். மாடிப்படியில் விழுந்தேன் என்று சொல்லாததுதான் பாக்கி. அவருடைய குடை அவர் வீட்டுக் கதவுக்குப் பின்னாலேயே இருந்ததாம். பழுப்பு நிறம்.

ஒரு புதன்கிழமை மதியம் நெட்டைப் பெண், கதவு நிலையில் குனிந்து, மூச்சிரைக்க வந்தாள். விரல்களில் பச்சைச் சாறு காய்ந்திருந்தது.

"அக்கா, என் பாட்டில் தொலைஞ்சுபோச்சு."

குடையக்காவின் கை கெட்டில் பக்கம் போனது.

"என்ன நிறம்?"

"மஞ்சள். மூடி மட்டும் வெள்ளை. அடியில ஒரு சொட்டை இருக்கும். லேப்ல இல்ல, நாலு தடவ தேடிட்டேன். போன மாசம்தான் வாங்கினேன்க்கா, அம்மா கொன்னுடுவாங்க."

கெட்டிலிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். அலமாரியில் முன்னாலும் பின்னாலும் தேடினாள். மஞ்சள் பாட்டில் அங்கே இல்லை.

"இங்க வரலியேம்மா."

"சரிக்கா," என்று சொல்லி, வலது கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, அடுத்த கணமே படிக்கட்டுக் கூட்டத்துக்குள் ஓடிவிட்டாள். நின்று பேச அவளுக்கு நேரமில்லை. குடையக்கா கதவைச் சாத்தவில்லை.